பெருங் கம்பனிகளின் பலமும் ஊழலும்: கலந்துரையாடலுக்கான ஒரு பாடம்

ஸ்பிரிங்வெளியில் நாம் நடத்திய வாசிப்பு வட்டம் ஒன்றின் முடிவில், பதுளைக்குக் கணினி வகுப்புக்குப் போய்வரும் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "சேர், கூகுள், பேஸ்புக் மாதிரி கம்பனியெல்லாம் இப்ப கவர்மென்ட விடப் பெருசாயிருச்சு. கம்பனி பெருசாகப் பெருசாக லஞ்சமும் பெருசாகுமா?" நாம் வாய் திறக்க முன்னரே, பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற கங்காணி ஐயா, "தம்பி, கம்பனி எப்ப சின்னதா இருந்திச்சு?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நமுனுகுலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்ததால் கூட்டமும் அத்துடன் கலைந்தது.

பதில் சொல்லாமல் வந்த அந்தக் கேள்விக்காகவே இப்பாடத்தை எழுதுகிறோம். குழுவாக இருந்து ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கும் வகையில் இதைப் பயன்படுத்தலாம். ஒரே அமர்வில் முடிக்க வேண்டும் என்றில்லை.

எதை ஊழல் என்கிறோம்?

ஊழல் என்றதும் மேசைக்குக் கீழே நீளும் கையே எமக்கு ஞாபகம் வருகின்றது. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்கு நூறு ரூபா, காணிப் பத்திரத்துக்கு ஆயிரம் ரூபா என்று கொடுத்துப் பழகியவர்கள் நாம். ஆனால், பொதுமக்களுக்காக ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தை அவர் தமக்காகவோ தம்மவருக்காகவோ பயன்படுத்துவது எல்லாமே ஊழல்தான். பணம் கைமாறாமலும் அது நடக்கும். இலங்கையின் 2023 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், தனியார் துறையினருக்கு இடையே நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியுள்ளது. முன்னர் அரச உத்தியோகத்தரைச் சுற்றியே சட்டம் நின்றது. (தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இன் 9 ஆம் இலக்கம்; நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 இன் 9 ஆம் இலக்கம். மூன்றும் ஒன்பதாக வந்தது தற்செயல்தான். ஆனால், குழுவில் மாறிச் சொல்லிவிடாதீர்கள்.)

இனி கொழுந்து மடுவத்துக்கு வருவோம். ஒரு தோட்டத்துப் பெண்கள் எம்மிடம் சொன்னது இது. முன்பு தொங்குதராசு இருந்தபோது, சாக்கு நிறை, ஈரம் என்று கிலோக் கணக்கில் கழித்துத்தான் எழுதுவார்கள். பிறகு மின்தராசு வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இலக்கம் தெரியும் பக்கம் கணக்கப்பிள்ளையைப் பார்த்தே வைக்கப்பட்டது. "மிசின் பொய் சொல்லாதுன்னு சொன்னாங்க. அது என்ன சொல்லிச்சுன்னுதான் எங்களுக்குத் தெரியல" என்றார் ஓர் அக்கா. நிறுப்பவரும் எழுதுபவரும் ஒருவரே; கொழுந்து கொண்டு வந்தவர் எதையும் பார்க்க முடியாது. கருவி புதியதானாலும் இந்த ஏற்பாடு மாறவில்லை. இந்தப் பாடத்தில் வரும் உதாரணங்கள் ஒவ்வொன்றிலும், தராசு யார் கையில், ஏடு யார் கையில், பார்க்கும் உரிமை யாருக்கு என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

எமது பழைய கம்பனிகள்

கங்காணி ஐயாவின் பகிடியில் வரலாறு இருக்கின்றது. தோட்டத்துரைமார் சங்கம் 1854 இல் கண்டியில் அமைக்கப்பட்டது. காலனித்துவ ஆட்சியின் சட்டநிருபண சபையில் தோட்டத்துரைமாருக்கு இடம் இருந்தது. அவர்களது தொழிலாளருக்கு இருக்கவில்லை. அந்தக் காலத்துக் கம்பனிகள் சட்டத்தை மீறுவதற்கு இலஞ்சம் கொடுக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழவில்லை. சட்டம் எழுதப்படும் மேசையிலேயே அவர்களுக்கு ஒரு கதிரை இருந்தது.

துண்டு முறையைப் பற்றி எமது பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தத் தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் விடுவிக்கலாம் என்று எழுதிய சீட்டுத்தான் துண்டு. அது இல்லாமல் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கடன் எவ்வளவு என்பதைக் கங்காணியின் கணக்குத்தான் சொல்லும். கடன்பட்டவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. இந்தியாவிலும் இலங்கையிலும் எழுந்த கண்டனங்களின் பின்னர் 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அதுவரை, படிக்க முடியாத ஒரு காகிதம் ஒரு குடும்பத்தைக் கட்டிப்போட்டது.

1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. கம்பனி போனதும் ஊழல் போய்விட்டதா என்று வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அரசியல் சிபாரிசில் வந்த நியமனங்களைப் பற்றி அவர்களே சொல்வார்கள். 1992 முதல் முகாமைத்துவம் மீண்டும் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. ஆகவே, தனியார் என்றால் கெட்டது, அரசு என்றால் நல்லது என்றோ, அதற்கு எதிர்மாறாகவோ முடிவு கட்ட நாம் அவசரப்படக்கூடாது.

சென்னையில் நடந்தது

தொழில்நுட்பக் கம்பனிகளின் விடயத்தில், தமிழ் பேசும் மண்ணிலேயே நன்கு பதிவான ஒரு வழக்கு உண்டு. கொக்னிசன்ட் என்பது அமெரிக்காவில் தலைமையகம் கொண்ட பெரிய கணினிச் சேவைக் கம்பனி. அதன் ஊழியர்களில் பெரும்பான்மையினர் இந்தியாவில் இருக்கின்றனர். அது சென்னையில் 27 இலட்சம் சதுர அடிப் பரப்பில் பெரிய அலுவலக வளாகம் ஒன்றைக் கட்டியது. திட்ட அனுமதிப் பத்திரம் ஒன்று கிடைக்கவில்லை. 2014 இல் தமிழ்நாட்டு அரசின் மூத்த உத்தியோகத்தர் ஒருவர் 20 இலட்சம் டொலர் கேட்டதாக, அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு 2019 பெப்ரவரியில் வெளியிட்ட உத்தரவு கூறுகின்றது. கட்டட ஒப்பந்தக்காரர் மூலமாக அதைக் கொடுக்கக் கம்பனியின் உயர்மட்டத்தில் அனுமதிக்கப்பட்டது. பின்னர் ஒப்பந்தக்காரருக்கு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு, கட்டட வேலையில் மாற்றங்கள் செய்ததாகப் பொய்யான பட்டியல்கள் எழுதப்பட்டன. வேறு அனுமதிகளுக்குக் கொடுத்தவற்றையும் சேர்த்து, மொத்தம் சுமார் 36 இலட்சம் டொலர் என்பது அந்த உத்தரவின் கணக்கு. கம்பனி 2 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்தி விடயத்தை முடித்துக்கொண்டது.

இதில் யார் பலசாலி என்பதைக் குழுவில் விவாதியுங்கள். நாடுகள் தோறும் கிளை விரித்த கம்பனி ஒன்று, ஒரு கையெழுத்துக்காகக் காத்து நிற்கின்றது. பிரதேச செயலகத்தில் எமது தாய்மார் நிற்பது போலத்தான். ஆகவே கேட்டவரின் அதிகாரமும் இங்கே ஒரு காரணம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எமது தாயார் கொடுத்த நூறு ரூபா அவரது சேலை முடிச்சிலிருந்து போகிறது. அன்றைய மரக்கறி குறைகிறது. கம்பனி கொடுத்ததோ "வேலை மாற்றம்" என்ற பெயரில் ஏட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது. இவ்வளவு பெரிய தொகையை இவ்வளவு அமைதியாக மறைக்கும் ஏடு பெரியவர்களிடம்தான் இருக்கும்.

ஒறக்கிள் என்ற அமெரிக்கக் கம்பனியின் கதை இன்னும் நுட்பமானது. இந்திய ரயில்வே அமைச்சுக்குப் பெரும்பங்கு உரிமையுள்ள ஒரு போக்குவரத்து நிறுவனத்துக்கு 2019 இல் அதன் இந்தியக் கிளை மென்பொருள் விற்றது. போட்டி கடுமையாக இருக்கிறது, 70 சதவீதக் கழிவு கொடுத்தால்தான் வியாபாரம் கிடைக்கும் என்று விற்பனையாளர்கள் தலைமையகத்திடம் அனுமதி வாங்கினார்கள். உண்மையில் போட்டியே இல்லை. ஒறக்கிளின் மென்பொருளைத்தான் வாங்க வேண்டும் என்று அந்த நிறுவனம் தனது இணையப் பக்கத்திலேயே அறிவித்திருந்தது! கழிவு என்று விட்ட பணத்தில் ஒரு பகுதி, இடைத்தரகர் ஊடாக உத்தியோகத்தர்களுக்குப் போவதற்கென ஒதுக்கப்பட்டது. ஒருவருக்கு 67,000 டொலர் என்று ஒரு கணக்குத்தாளே இருந்தது. துருக்கி, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய நாடுகளில் நடந்தவற்றையும் சேர்த்து, 2022 செப்டெம்பரில் அக்கம்பனி சுமார் 2 கோடி 30 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது.

இளைஞரின் கேள்விக்கு இந்த உதாரணம் மிகக் கிட்டியது என்று நாம் கருதுகிறோம். இந்தக் கம்பனியிடம்தான் வாங்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், விலை ஏன் இவ்வளவு என்று கேட்க இன்னொரு கடைக்காரர் இல்லை. தோட்டத்துக்கு ஒரே கடை இருந்த காலத்தில் அரிசி விலையைப் பற்றி யாரிடம் போய் முறையிட முடிந்தது?

பெரியவர்கள் பக்கத்திலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன இரண்டு கதைகளும் எமக்குத் தெரியவந்ததே, அவை அமெரிக்கப் பங்குச் சந்தையில் பதிவான கம்பனிகள் என்பதால்தான். லொக்ஹீட் விமானக் கம்பனி முதலியவை வெளிநாட்டுத் தலைவர்களுக்கு இலஞ்சம் கொடுத்தது அம்பலமான பின்னர், அந்நாடு 1977 இல் ஒரு சட்டம் இயற்றியது. கம்பனிகள் கணக்கேட்டை உண்மையாக எழுத வேண்டும் என்பது அதன் ஒரு பாதி. கொக்னிசன்ட் தானாகவே முன்வந்து விடயத்தை அறிவித்தது. சின்னஞ்சிறு கம்பனி ஒன்று உள்ளூரில் கொடுக்கும் இலஞ்சம் எந்த ஏட்டிலும் வருவதில்லை. ஆனால் அந்த அமெரிக்கச் சட்டத்துக்கும் பலவீனம் வந்தது. 2025 பெப்ரவரியில் அந்நாட்டு ஜனாதிபதி அதன் நடைமுறைப்படுத்தலை இடைநிறுத்த உத்தரவிட்டார். கொக்னிசன்டின் முன்னாள் உயர் அதிகாரிகள் இருவர் மீதான வழக்கும் அவ்வாண்டு ஏப்ரலில் கைவிடப்பட்டது. அவர்கள் குற்றச்சாட்டை மறுத்திருந்தனர் என்பதையும் நீதிக்காகச் சொல்லிவைக்கிறோம்.

எமது நாட்டில்

ஐரோப்பிய விமானக் கம்பனியான எயார்பஸ், ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸுக்கு விமானம் விற்ற கதையைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். விமான சேவையின் அதிகாரி ஒருவரின் மனைவியைத் தரகராக அமர்த்தி, 20 இலட்சம் டொலர் கொடுத்த விபரம், 2020 ஜனவரியில் இலண்டன் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்படிக்கையில் உள்ளது. பிரித்தானிய ஏற்றுமதிக் கடன் நிறுவனத்துக்கு அந்தத் தரகரின் பெயரைப் பற்றியும், அவர் ஆணா பெண்ணா என்பதைப் பற்றியும்கூடத் தவறான தகவலே கொடுக்கப்பட்டது. பல நாடுகளில் நடந்தவற்றுக்காகப் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுக்கும் எயார்பஸ் 360 கோடி யூரோ செலுத்த இணங்கியது. விமானக் கடனின் சுமையோ இலங்கை மக்களின் தலையில்.

இதைவிட எமக்கு அதிகம் படிப்பினை தருவது 2024 இன் வீசா விடயம். வெளிநாட்டவர்கள் இணையம் ஊடாகப் பயண அனுமதி பெறும் முறையை 2012 முதல் மொபிட்டெல் நிறுவனம் நடத்தி வந்தது. அதற்கு அந்நிறுவனம் பெற்றது விண்ணப்பம் ஒன்றுக்கு 1 டொலர். 2024 ஏப்ரல் 17 முதல் இந்தப் பணி ஜி.பி.எஸ். டெக்னோலொஜி சேர்விசஸ், ஐ.வி.எஸ். குளோபல் ஆகிய கம்பனிகளிடம் சென்றது, வி.எப்.எஸ். குளோபல் அவற்றின் தொழில்நுட்பப் பங்காளி. 18.50 டொலர் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 7 டொலர் வசதிக் கட்டணம். போட்டி முறையில் கேள்விப்பத்திரம் கோராமல் கொடுத்தது ஏன் என்று பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழு கேட்டது. பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2024 ஆகஸ்ட் 2 ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தி, பழைய முறைக்குத் திரும்பும்படி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. உத்தரவை நிறைவேற்றாததால், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கட்டுப்பாட்டாளர் நாயகம் செப்டெம்பரில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். நீதிமன்றத்தின் கட்டளையையே ஒரு திணைக்களத் தலைவர் வாரக்கணக்காகக் கிடப்பில் போட்டது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த இடைக்கால உத்தரவு இலஞ்சம் நடந்ததாகத் தீர்ப்பளிக்கவில்லை. நாமும் அப்படிச் சொல்லவில்லை. நாம் சொல்வது வேறு. கணினி, மென்பொருள், தரவு என்ற சொற்கள் வந்தவுடனேயே கேள்வி கேட்கும் கைகள் கீழே இறங்கிவிடுகின்றன. ஒரு பாலம் கட்டினால், சீமெந்து எவ்வளவு, கம்பி எவ்வளவு என்று ஊரிலுள்ள மேசன் சொல்லிவிடுவார். ஒரு மென்பொருளுக்கு 1 டொலர் நியாயமா, 25 டொலர் நியாயமா என்று யார் சொல்வது? இந்தத் தெரியாமையில்தான் ஊழலுக்கு வசதி இருக்கின்றது.

இவ்விடயம் நாடெங்கும் பேசப்பட்டதற்கு ஒரு காரணம், 2024 மே 1 ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒருவர் சத்தமிட்டு வாதாடிய காட்சி பேஸ்புக்கில் பரவியதுதான். இந்த விசித்திரத்தையும் விட்டுவிடக் கூடாது. அதே பேஸ்புக்கில்தான் 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய கலவரத்தின்போது முஸ்லிம்களுக்கு எதிரான விஷமும் பரவியது. கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 7 ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. ஒரு வாரத்தின் பின்னர்தான் திறந்தது. சிங்களத்தில் வரும் வெறுப்புப் பதிவுகளைப் பற்றி இங்குள்ளவர்கள் அதற்கு முன்னரே முறையிட்டு வந்தார்கள். 2020 மே மாதத்தில் அக்கம்பனி ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இங்கே யாரும் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. இலட்சக்கணக்கான எமது மக்கள் பேசும் மேடையை நடத்துபவர்கள், எமது மொழி தெரிந்த ஆட்களைப் போதியளவு வைக்காமல் இலாபம் பார்த்தார்கள். இதை ஊழல் என்று அழைப்பதா, அலட்சியம் என்று அழைப்பதா என்று எமக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. எரிந்த கடைக்காரருக்கு அந்த வேறுபாட்டால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

தேயிலை மலையில் விழுந்த பலூன்

கம்பனி பெரிதென்றால் எல்லாம் அதன் எண்ணப்படியே நடக்கும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு சிறு கதை. 2015 ஜூலையில் இலங்கை அரசாங்கம் கூகுளுடன் ஓர் உடன்படிக்கை செய்தது. வானத்தில் உயரமாகப் பலூன்களை மிதக்கவிட்டு, நாடு முழுவதும் இணையம் கொடுப்பது திட்டம். அலைவரிசையைக் கொடுப்பதற்குப் பதிலாக, அரசாங்கத்துக்குக் கூட்டு நிறுவனத்தில் 25 சதவீதப் பங்கு என்று பேசப்பட்டது. மலைத் தோட்டங்களிலும் சிக்னல் கிடைக்கும் என்று நாமும் சந்தோஷப்பட்டோம். 2016 பெப்ரவரியில் பரீட்சார்த்தப் பலூன் ஒன்று காற்று இறங்கி, கம்பளைப் பகுதியில் தேயிலை மலையில் கிடந்தது. ஊரார் கண்டு பொலிசுக்கு அறிவித்தார்கள். அடுத்த ஆண்டில், அலைவரிசை ஒதுக்குவதில் சிக்கல் இருப்பதாக அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் ஹரின் பெர்னாண்டோ கூறினார். இவர் எமது ஊவா மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர்தான். திட்டம் நகரவேயில்லை. 2021 ஜனவரியில் கூகுளின் தாய்க் கம்பனி அந்தப் பலூன் முயற்சியையே மூடிவிட்டது.

அலைவரிசை என்பது ஆற்று நீரைப் போலப் பொதுச் சொத்து. அதைக் கொடுப்பதற்கு விதி இருக்கின்றது என்பதால், உலகத்திலேயே பெரிய கம்பனிகளில் ஒன்றும் காத்திருக்க வேண்டி வந்தது. அதே 2016 பெப்ரவரியில் இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், சில இணையத் தளங்களை மாத்திரம் இலவசமாகத் தரும் பேஸ்புக்கின் திட்டத்துக்கு இடம் கொடுக்க மறுத்தது. அதற்கு முன் அக்கம்பனி பக்கம் பக்கமாக விளம்பரம் செய்து, பாவனையாளர்களைக் கொண்டு ஆணையத்துக்குக் கடிதங்களைக் குவித்தும் பயன் கிடைக்கவில்லை. எமக்கு இலவசம் வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். முன்பணம் வாங்கிக் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இந்தக் கேள்விக்கு எமது குடும்பக் கதையிலேயே பதில் தேடலாம்.

இதில் எமக்கென்ன?

இதெல்லாம் கொழும்பு விடயம், சென்னை விடயம் என்று ஒதுக்க முடியாது. எமது மக்களின் வாழ்க்கையைப் பட்டியல்கள்தான் பலமுறை தீர்மானித்தன. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் பெயர் போனது. 1964 ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, யார் இங்கே, யார் அங்கே என்பது எண்ணிக்கையால் பிரிக்கப்பட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை நாடற்றவர் என்ற சொல் முற்றாக நீங்கவில்லை.

இன்று பட்டியல்கள் கணினிக்குள் போகின்றன. 2022 இல் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீடு வந்தது. 2023 இல் அஸ்வெசும கொடுப்பனவு வந்தபோது, யார் ஏழை என்பதைக் குறிகாட்டிகளை வைத்துப் புள்ளியிட்டுத் தீர்மானித்தார்கள். எங்கள் பெயர் ஏன் இல்லை என்று கேட்டு எத்தனை பேர் அலைந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இந்திய அரசின் நன்கொடையுடன் டிஜிட்டல் அடையாள அட்டை வழங்கும் திட்டத்துக்கும் 2022 இல் உடன்பாடு செய்யப்பட்டது. இவற்றால் நன்மை இருக்கின்றது. பிரதேச செயலகத்துக்கு நாலு தடவை போகும் பஸ் காசு மிச்சமாகலாம்; நூறு ரூபா கேட்கும் கையும் குறையலாம். ஆனால் அந்த மென்பொருளைச் செய்பவர் யார், எந்த விலைக்கு, பெயர் தவறினால் யாரிடம் முறையிடுவது, எமது கைரேகையை வேறு எவருக்குக் கொடுப்பார்கள் என்பதையெல்லாம் ஒப்பந்தம் எழுதும்போதே கேட்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவதற்குக் குறித்த திகதி 2025 இல் தள்ளிப்போடப்பட்டது.

இளைஞரின் கேள்விக்கு எமது பதில் இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கம்பனி பெரிதாகும்போது ஊழலுக்கான வசதி பெரிதாகின்றது என்பதை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் சென்னையில் கேட்டவர் ஓர் உத்தியோகத்தர். கொழும்பில் கேள்விப்பத்திரத்தைத் தவிர்த்தது ஓர் அமைச்சரவை. ஏட்டைத் திறக்கச் சொல்லும் உரிமை ஓரளவு எமது கையிலும் இருக்கின்றது.

தகவல் அறியும் உரிமை

2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. அரச திணைக்களங்கள், பிரதேச சபைகள் மாத்திரமல்லாமல், அரசுடன் ஒப்பந்தம் செய்து பொதுச் சேவை ஒன்றை நடத்தும் தனியார் கம்பனியும், அந்தச் சேவை சம்பந்தப்பட்ட அளவில், இச்சட்டத்துக்குள் அடங்கும். அரசு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனியும் அப்படியே. வெளிநாட்டு நிதியில் 1,00,000 டொலருக்கு மேற்பட்ட திட்டமோ, உள்நாட்டு நிதியில் 5,00,000 ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமோ என்றால், ஆரம்பிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே விபரங்களை வெளியிட வேண்டும் என்றும் 9 ஆம் பிரிவு சொல்கின்றது. இந்தப் பிரிவைப் பற்றி எமது குழுக்களில் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

விண்ணப்பிக்க ஆர்.ரி.ஐ. 01 என்ற படிவம் உள்ளது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம். தகவல் உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். கொடுத்ததற்கு எழுத்தில் ஓர் அத்தாட்சி கேட்டு வாங்குங்கள். இதை வாங்காமல் வந்துவிட்டு, பிறகு வருந்தியவர்கள் எம்மிடையே உண்டு. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால், இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

அடுத்த அமர்வுக்கு முன்னர் ஒவ்வொரு குழுவும் ஒரு விண்ணப்பத்தை எழுதிப் பாருங்கள். பெரிய விடயமாக இருக்க வேண்டியதில்லை. எமது கிராம உத்தியோகத்தர் பிரிவில் அஸ்வெசுமவுக்கு விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், தெரிவானவர்கள் எத்தனை பேர், மேன்முறையீடுகள் எத்தனை, அவற்றில் முடிவு வழங்கப்பட்டவை எத்தனை என்று பிரதேச செயலகத்திடம் கேட்கலாம். அயலவர்களின் பெயர்களைக் கேட்காதீர்கள், எண்ணிக்கைகளே போதும். கணினி வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் படிவத்தைத் தரவிறக்கித் தரட்டும். வாசகங்களைப் பெரியவர்களே சொல்லட்டும். பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, கொடுத்த திகதியைக் குழுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அந்தக் குறிப்பேட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.